மிஞ்சியது தானாக வெளியேறிவிடும்

வியாழக்கிழமை காலை பத்து நாற்பதுக்குத் தொலைபேசி அடித்தது. அறுவடைக் காலம். கோதுமை லாரிகள் வாசலில் வரிசையாகப் போய்க்கொண்டிருந்ததால் முதலில் இரண்டு தடவை மணி அடித்தது என் காதில் விழவில்லை. எடுத்தால் கெல்வின். நோல் என்று நாங்கள் கூப்பிடும் என் அக்கா நொயலீனுக்குப் பக்கத்து வீட்டுக்காரர். முப்பது வருஷப் பழக்கத்தில் அவர் எனக்குப் போன் செய்தது அதுதான் முதல்முறை.

"மெரின், நோல் பின்பக்கப் படியில விழுந்துட்டா. ஆம்புலன்ஸ்காரங்க வந்திருக்காங்க," என்றார். கொஞ்சம் நிறுத்தினார். "நீ வேகமா ஓட்டிக்கிட்டு வர வேண்டாம்."

அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரிந்தது. சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். என் ஊரிலிருந்து அவள் இருக்கும் போர்ட் ஹாலட்டுக்கு நாற்பது கிலோமீட்டர். பாதி வழி ஒரு தானிய லாரியின் பின்னாலேயே போனேன். முந்தத் தோன்றவில்லை. அழுகையும் வரவில்லை. இருந்தது பயம்தான். மார்ச் மாதத்திலிருந்து எனக்குள் குடியிருந்த அதே பயம். எல்லாம் முடிந்துவிட்டது என்ற செய்தி அதற்கு மட்டும் இன்னும் போய்ச் சேரவில்லை. சிலோ என்கிற தானியக் கோபுரம் வந்ததும், கடல் தெரிந்ததும், வழக்கம்போல "இன்னைக்கு அவளுக்குக் கால் எதுவரைக்கும் மரத்திருக்குமோ" என்றுதான் நினைத்தேன்.

நொயலீனுக்கு அறுபத்தாறு வயது. என்னைவிட நான்கு வயது மூத்தவள். பதினைந்து வயதில் பள்ளியை விட்டு மீன் வெட்டும் கூடத்துக்கு வேலைக்குப் போனாள். பிறகு தானியக் கிடங்கில் மாதிரி எடுக்கும் வேலை. கடைசி இருபத்திரண்டு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டினாள். பண்ணைகளிலிருந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வரும் நான்காம் நம்பர் பஸ். எந்த வளைவில் எந்தப் பிள்ளை வாந்தி எடுக்கும் என்று தெரியும், அதற்கு முன்பே ஒரு பிளாஸ்டிக் வாளியைப் பின்னால் கடத்திவிடுவாள். பஸ்ஸுக்குள் அடிதடி என்றால் கத்தமாட்டாள். வண்டியை ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்துவிட்டு, பின்னல் வேலையை எடுத்துவிடுவாள். ஐந்து நிமிஷத்தில் பஸ் அடங்கிவிடும்.

நான் எங்கள் மாநிலத் தலைநகர் அடிலெய்டுக்குப் போய் உயிரியல் படித்தேன். இருபத்தெட்டு வருஷம் உயர்நிலைப் பள்ளியில் பாடம் நடத்தினேன். அதனால் உடம்பு சம்பந்தமாக எதுவானாலும் அவளுக்கு நான் சொல்வதுதான் வேதம். மற்ற எல்லா விஷயத்திலும் எனக்கு ஒன்றும் தெரியாது என்பது அவளுடைய உறுதியான கருத்து.

எங்கள் அம்மா இறந்தபோது நோலுக்கு நாற்பது வயது. அம்மாவின் இடதுகால் பெருவிரல் கம்பளத்தின் ஓரத்தில் தடுக்க ஆரம்பித்தது. பிறகு கை. பிறகு பேச்சு குழறியது. கடைசியில் மூச்சு. தசைகளை இயக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகும் நோய். மொத்தம் பதினாலு மாதம். கூட இருந்து பார்த்தவள் நோல். நான் சனி ஞாயிறு வந்து போனேன். அந்த நோயின் பெயரை அவள் ஒருநாளும் சொன்னதில்லை. "அம்மாவோடது" என்பாள், அவ்வளவுதான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் கணவர் ட்ரெவர் ஷெட்டில் வேலை செய்துகொண்டிருக்கும்போதே மாரடைப்பில் போனார். நோல் அழவில்லை. இரண்டாம் வாரமே பஸ்ஸை எடுத்தாள். ஆனால் தூக்கம் போய்விட்டது. சாயங்காலம் பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்து, ஷெட்டுக்குள் நிறுத்திய பஸ்ஸிலேயே ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கிறாள் என்று ஹேசல் எனக்குச் சொன்னாள். ஹேசல் இரண்டாம் நம்பர் பஸ் ஓட்டுபவள். நோலுக்கு நெருக்கமான தோழி.

டாக்டரிடம் போகச் சொன்னேன். எங்கள் பக்கம் டாக்டரைப் பார்க்க ஐந்து வாரம் காத்திருக்க வேண்டும். அது ஒரு காரணம். உண்மையான காரணம் வேறு. பஸ் ஓட்டுகிறவர்கள் குறித்த காலத்துக்கு ஒருமுறை உடற்தகுதிப் படிவம் நிரப்ப வேண்டும். மனசுக்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறீர்களா என்று அதில் கேட்பார்கள். ஆமாம் என்று எழுதினால் உரிமத்தைப் பறித்துவிடுவார்கள் என்பது டிப்போவில் எல்லோரும் நம்பிய விஷயம்.

"மாத்திரை சாப்பிடுற டிரைவர்கிட்ட எந்தத் தாய் புள்ளைய ஏத்தி அனுப்புவா?" என்றாள்.

அதனால் அவள் வைட்டமின் பக்கம் போனாள். அது மாத்திரைக் கணக்கில் வராது. எங்கள் ஊர்களில் யாரையும் கேளுங்கள், அது ரொட்டி வெண்ணெய் மாதிரி. மருந்துக்கடையில் வருஷத்துக்கு இரண்டு தடவை பாதி விலை வாரம் வரும். புல்தரையில் பந்து உருட்டி விளையாடும் கிளப்பில் பெண்கள் பட்டியல் போடுவார்கள். ஹேசல் ஐஸ் பெட்டியைக் காலி செய்து காரில் வைத்துக்கொண்டு போவாள். பெரிய பெரிய டப்பாக்களாக வாங்கி வந்து, கிளப் மேசையில் கொட்டி, பங்கு போடுவார்கள். ஆளுக்கு ஒரு பழைய ஐஸ்கிரீம் டப்பா. மேலே ஒட்டுத்தாளில் பேனாவால் எழுதுவார்கள்: நரம்பு, மூட்டு, மனசு, தூக்கம். அசல் டப்பாக்கள் அங்கேயே குப்பைக்குப் போய்விடும். அதில் ஒட்டியிருந்த சீட்டும் கூடவே.

நோலுக்குக் காலையில் எழுந்ததும் தண்ணீரில் பொங்கும் ஆரஞ்சு மாத்திரை ஒன்று. காலைச் சாப்பாட்டோடு குங்குமப்பூச் சாறு அடைத்த "மனசு" மாத்திரை இரண்டு. அதோடு "நரம்பு" ஒன்று, அது பி வைட்டமின்கள் எல்லாம் சேர்ந்தது. படுக்கப் போகும்போது மெக்னீசியத் தூள் ஒரு கரண்டி. அந்தத் தூள் நான் கிறிஸ்துமஸுக்குக் கொடுத்தது. எனக்கு அது நல்ல தூக்கம் தந்தது. அதனால் அவளுக்கும் ஒன்று வாங்கினேன். தீர்ந்ததும் மறுபடி வாங்கிக் கொடுத்தேன்.

ஒருநாள் அவள் சமையலறையில் உட்கார்ந்திருந்தபோது, இதெல்லாம் சேர்த்துச் சாப்பிடலாமா, அதிகமாகிவிடாதா என்று என்னைக் கேட்டாள். ஒழுங்காகத்தான் கேட்டாள். டப்பாக்களை மேசையில் வரிசையாக வைத்துக் கேட்டாள்.

நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தேன். "பி எல்லாம் தண்ணியில கரையறது, நோல். உடம்பு வேணும்கிறத எடுத்துக்கும். மிஞ்சினது ஒண்ணுக்குல போயிடும்."

"அப்ப இந்த ஊர்லயே வெல ஒசந்த மூத்திரம் என்னோடதுதான்," என்றாள்.

இருவரும் சிரித்தோம். அதை அவள் கிளப்பிலும் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தாள். ஒன்பதாம் வகுப்புக்கு நான் அந்தப் பாடத்தை எத்தனை முறை நடத்தியிருப்பேன். கொழுப்பில் கரைவது உடம்பில் தங்கும், நீரில் கரைவது வெளியேறிவிடும் என்று கரும்பலகையில் இரண்டு கட்டம் போட்டு எழுதுவேன். ஒரு பிள்ளைகூட எழுந்து, எல்லாமேவா டீச்சர் என்று கேட்டதில்லை.

அந்த மாத்திரைகளில் அவளுக்குக் கொஞ்சம் நன்றாகவே இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். தூங்கினாள். பஸ்ஸில் தனியாக உட்கார்ந்திருப்பது நின்றது. போன வருஷம் கிளப்பின் குளிர்காலக் கோப்பையை ஜெயித்தாள். நான் சந்தோஷப்பட்டேன்.

கால் விஷயம் இந்த வருஷம் மார்ச்சில் ஆரம்பித்தது. காலுறை விரல்களுக்கு அடியில் சுருண்டு கிடப்பதுபோல இருந்ததாம். ஷூவைக் கழற்றிப் பார்த்தால் காலுறை சரியாகத்தான் இருக்கிறது. மறுபடி போட்டுக்கொண்டால் மறுபடி சுருள்கிறது. பிறகு ஊசி குத்தல். பிறகு அந்தக் குத்தலும் போய், பாதத்தில் யாரோ தடித்த கம்பளியைச் சுற்றிவிட்டதுபோல ஆகிவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. என்னிடம், கால் கொஞ்சம் மரத்துப்போகிறது, வயசாகிறது என்று ஒரு தடவை போகிற போக்கில் சொன்னாள். நானும் வயசுதான் என்றேன். அம்மாவின் பெயரை நாங்கள் இருவரும் எடுக்கவில்லை.

அவள் வேறொன்று செய்தாள். நரம்புக்குக் கேடு என்றால் நரம்புக்கானதை அதிகம் எடுப்பதுதானே முறை. "நரம்பு" டப்பாவிலிருந்து ஒன்றுக்குப் பதில் இரண்டு, பிறகு மூன்று. பயத்தில் தூக்கம் குறைந்ததால் தூளும் இரண்டு கரண்டி. மனம் சோர்ந்தபோது "மனசு" ஒன்று கூட. கால் இன்னும் மோசமானது.

ஜூலையில் ஒரு சனிக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தாள். தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் ஆறவிட்டாள்.

"மெரின், அம்மாவுக்கு எந்தக் கால்ல மொதல்ல வந்துச்சு?"

"இடது."

"எனக்கு ரெண்டுலயும்."

பிறகுதான் அந்த வாரம் வியாழக்கிழமை பஸ்ஸில் நடந்ததைச் சொன்னாள். சிலோவுக்குப் பக்கத்து நாற்சந்தி. குறுக்கே லாரி வருகிறது. பிரேக்கில் கால் வைத்தாள். வைத்தோம் என்றுதான் நினைத்தாள். வண்டி குறையவில்லை. குனிந்து பார்த்தால் கால் இரண்டு மிதிகளுக்கும் நடுவில், ஒன்றிலும் படாமல் கிடந்தது. அது யாருடைய காலோ மாதிரி இருந்தது என்றாள். கண்ணால் பார்த்து எடுத்து வைத்து அழுத்தினாள். லாரி கண்ணாடிக்கு முன்னால் போனது. பஸ்ஸில் பத்தொன்பது பிள்ளைகள். முன்சீட்டில் இருந்த சின்னப் பெண் மட்டும், இங்க ஏன் நிறுத்துனீங்க என்று கேட்டதாம். மிச்ச தூரத்தை சாலையையும் காலையும் மாறிமாறிப் பார்த்தே ஓட்டியிருக்கிறாள். வெள்ளிக்கிழமையும் அப்படியே ஓட்டியிருக்கிறாள்.

வெள்ளிக்கிழமையுமா என்று கேட்டேன்.

திங்கட்கிழமை அவள் பஸ்ஸில் ஏறக் கூடாது, டிப்போவில் அவளே சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் நான் சொல்வேன் என்றேன்.

"போட்டுக் குடுப்பியா?"

"குடுப்பேன்."

"சின்னப் புள்ளையிலயே நீ அப்படித்தான்," என்றாள். பிறகு தேநீரைக் குடித்து முடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பஸ் சாவியை ஹேசலின் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தாள். கதவைத் தட்டவில்லை. முட்டிவலி என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டாள்.

டாக்டரைப் பார்க்க ஐந்து வாரம். நானும் கூடப் போனேன். டாக்டர் அடெபாயோ நைஜீரியாக்காரர், இளைஞர். வாரத்துக்கு இரண்டு நாள் எங்கள் பக்கம் வருவார். நீளமாகக் கேள்வி கேட்டார். சர்க்கரை உண்டா, குடிப்பீர்களா, என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்.

"மருந்தா? ஒண்ணும் கெடையாது, டாக்டர். தலைவலிக்குக்கூட ஒண்ணும் போடமாட்டேன்," என்றாள் நோல். குரலில் பெருமை இருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினேன். நாங்கள் பொய் சொல்வதாக இருவருக்குமே தோன்றவில்லை.

ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். நரம்பு நிபுணரைப் பார்க்க அடிலெய்டுக்கு எழுதினார். அங்கே பதினோரு வாரம் காத்திருப்பு. அம்மாவைப் பற்றி நோல் சொன்னபோது அவர் எழுதுவதை நிறுத்தி ஒரு கணம் அவளைப் பார்த்தார். வண்டியில் திரும்பும்போது அவள் சொன்னாள், அவருக்குத் தெரிஞ்சுபோச்சு, மூஞ்சியப் பாத்தியா.

இரண்டாம் தடவை போனபோது ரத்தத்தில் சர்க்கரை இல்லை, தைராய்டு சரி, வேறெதுவும் இல்லை. டாக்டர் காகிதங்களை ஒதுக்கிவைத்துவிட்டு, காலையில் எழுந்ததிலிருந்து படுக்கிறவரை வாயில் போடும் எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லுங்கள் என்றார். நோலுக்கு அது விளையாட்டாக இருந்தது.

"எழுந்ததும் ஒரு டீ. அப்புறம் அந்த ஆரஞ்சு, பொங்கும்ல, அது. அப்புறம் ரெண்டு டோஸ்ட், மேல தடவ வெஜிமைட். அதோட மனசு மூணு, நரம்பு மூணு..."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

மறுநாளே டப்பாக்களோடு வரச் சொன்னார். அவர் மேசைமேல் நான்கு ஐஸ்கிரீம் டப்பாக்கள். ஒன்றைத் திறந்து, இது என்ன என்றார். அது மனசுக்கு என்றாள். இது? அது நரம்புக்கு. இதில் எத்தனை மில்லிகிராம் என்ன இருக்கிறது என்று கேட்டார். நோல் யோசித்துவிட்டு, "அத ஹேசலத்தான் கேக்கணும்," என்றாள். அவர் சிரிக்கவில்லை. நான்தான் சிரித்தேன், பயத்தில்.

எதிலெல்லாம் பி6 வைட்டமின் இருக்கிறதென்று பார்த்துவரச் சொன்னார் டாக்டர்; அங்கிருந்து நேரே நான் மருந்துக்கடைக்குப் போனேன். படிக்கும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அலமாரியின் முன் நின்று, கிளப்பில் வாங்கும் அதே டப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்தேன். நரம்பு டப்பாவில் பி6 இருந்தது. அது எதிர்பார்த்ததுதான். மனசு மாத்திரையிலும் இருந்தது. ஆரஞ்சிலும் இருந்தது. நான் கொடுத்த தூளைத் திருப்பினேன். அதில்தான் ஒரு கரண்டிக்கு எல்லாவற்றையும்விட அதிகம். அவள் எடுத்த அளவுகளைப் பழைய ரசீதின் பின்பக்கத்தில் கூட்டினேன். இருநூற்று எண்பது மில்லிகிராமுக்கு மேல் வந்தது. உடம்புக்கு ஒருநாளைக்கு இரண்டுகூட வேண்டாம் என்பது எனக்கே தெரியும், பாடம் நடத்தியிருக்கிறேன். ஒவ்வொரு டப்பாவின் ஓரத்திலும் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது: கூச்சம், எரிச்சல், மரத்துப்போதல் ஏற்பட்டால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். என் தூள் டப்பாவிலும் அதே வரி. அந்த டப்பா ஒரு வருஷத்துக்கும் மேலாக என் சமையலறையிலும் இருக்கிறது. முதல் டப்பாவிலிருந்து அந்த வரியை மறுபடி படித்தேன். கடைப்பெண் வந்து, உங்களுக்கு எதாவது எடுத்துத் தரட்டுமா என்று கேட்டாள்.

ரத்தத்தில் பி6 எவ்வளவு என்று பார்க்கும் பரிசோதனைக்குத் தனியாக எழுதிக் கொடுத்தார் டாக்டர். பத்து நாளில் முடிவு வந்தது. இருக்க வேண்டியதைப்போலப் பல மடங்கு. பி வைட்டமின்களில் இது ஒன்று மட்டும் அளவுக்கு மிஞ்சினால் உணர்ச்சி நரம்புகளைக் கெடுக்கும் என்றார். நோல் அவரை நம்பவில்லை. அம்மாவோடது இல்லையா, அதச் சொல்லுங்க என்றாள்.

"உங்க அம்மாவுக்குக் கால்ல உணர்ச்சி இருந்துச்சா?"

நோல் நினைத்துப் பார்த்தாள். "கடைசி வாரம்கூட முழங்கால்ல ஈ உக்காந்தா கண்ணைக் காட்டுவாங்க. நான் ஓட்டிவிடுவேன்."

"உங்க கால்ல ஈ உக்காந்தா தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப இது அது இல்லம்மா. அது உணர்ச்சியத் தொடாது. அசைவைத்தான் எடுக்கும்."

இது எனக்குத் தெரியாததா? எங்கோ படித்ததுதான். பயந்தவளுக்குப் படித்தது எதுவும் நினைவுக்கு வருவதில்லை. நோல் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். ட்ரெவருக்கு அழாததையும் சேர்த்து அழுதாள் என்று நினைக்கிறேன். டாக்டர் எல்லா டப்பாவையும் நிறுத்தச் சொன்னார். நிறுத்தினபிறகு சில வாரம் இன்னும் மோசமாகலாம், பயப்படக் கூடாது, பிறகு மெல்ல மெல்லத் திரும்பும், முழுசாகத் திரும்புமா என்று சொல்ல முடியாது என்றார். மனசுக்கு வேண்டியதை இனி நாம் சேர்ந்து பார்ப்போம், உரிமத்துக்கு அதனால் தானாக ஆபத்து வராது என்றும் சொன்னார். இதெல்லாம் அவள் காதில் விழுந்ததா, தெரியவில்லை.

காரில் நான் சொன்னேன். "மிஞ்சினது வெளிய போயிடும்னு நான்தான் சொன்னேன், நோல்."

"சொன்ன. அதுக்கென்ன, நீ டாக்டரா? டீச்சர்தான்." கொஞ்ச தூரம் போனபிறகு, "ஆனா டீச்சரம்மா, அந்தப் பதிலுக்கு எத்தன பேருக்கு மார்க் போட்டிருப்ப?" என்றாள்.

நிறுத்தினாள். மோசமானது. மரப்பு கணுக்காலைத் தாண்டி முழங்காலுக்கு வந்தது. விரல்நுனிகளுக்கும் வந்து, சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் நின்றாள். இராத்தூக்கமும் போயிற்று. நான் என் வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று வாரம் அவளோடு இருந்தேன். டாக்டர் சொன்னபடிதான் நடக்கிறது என்று தினமும் அவளுக்குச் சொன்னேன். சொல்லும்போதே எனக்கும் நம்பிக்கை இல்லை. அவள் பேசும்போதெல்லாம் வார்த்தைகள் குழறுகிறதா என்று கவனித்தேன். அம்மாவுக்குக் காலுக்கும் கைக்கும் அடுத்து வந்தது அதுதான். தேநீர் கேட்டால், அந்த ஒரு சொல்லைக் காதுக்குள் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்ப்பேன்.

அவளும் அதையே செய்துகொண்டிருந்தாள் என்பது ஒருநாள் தெரிந்தது. குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு, தன் பஸ் நிறுத்தங்களை ஒவ்வொன்றாக உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். எந்தப் பண்ணை வாசல், எந்தப் பிள்ளை, முதலிலிருந்து கடைசிவரை. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. நான் கதவுக்கு வெளியே துண்டோடு நின்றேன். உள்ளே அவள், வெளியே நான், இருவரும் ஒரே நாக்கைக் காவல் காத்தோம்.

"டாக்டர் சின்னப்பையன், தப்புப் பண்ணிட்டான்," என்றாள் ஒரு காலையில். "மூச்சு நிக்கிற கட்டம் வந்தா அந்தக் கருவிய மாட்ட விடக் கூடாது. சத்தியம் பண்ணு." பண்ணினேன்.

நான்காம் வாரத்தில் மோசமாவது நின்றது. அக்டோபர் நடுவில், குளிக்கும்போது குளிர்ந்த தண்ணீர் பாதத்தில் பட்டது தெரிந்தது என்றாள். அப்புறம் காலுறையின் தையல். நான் வீடு திரும்பியபிறகு ஒருநாள் போன் வந்தது. மூச்சிரைக்கப் பேசினாள். கடற்கரையில் வெறுங்காலோடு நடக்கிறாளாம்.

"மெரின், சிப்பி குத்துது."

"பாத்து நட."

"பாக்காம நடக்கிறேன். அப்பவும் குத்துது."

அதிலிருந்து அவள் வீட்டில் ஷூவே போடவில்லை. ஓடு, புல், சிமெண்ட், சரளை எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்துக்கொண்டே திரிந்தாள். அறுவடை நேரத்துத் தூசியில்கூட வெறுங்கால்தான். மறுபடி பஸ் ஓட்ட, வரும் பிப்ரவரிக்கு உடற்தகுதிப் பரிசோதனை நாள் வாங்கிவிட்டாள். உடற்பயிற்சி சொல்லித்தரும் பெண் மட்டும் எச்சரித்தாள். உணர்ச்சி பாதிதான் வந்திருக்கிறது, ஆனால் முழுசாக வந்ததுபோல இருக்கும், இப்போதுதான் விழுவார்கள், படி இறங்கும்போது கண்ணால் பார்த்து இறங்குங்கள் என்றாள். படி ஓரங்களில் வெள்ளைக் கோடு போடச் சொன்னாள். பின்பக்கம் ஏழு படி, எல்லாம் ஒரே சாம்பல் நிறச் சிமெண்ட். நோல் புதன்கிழமை, விழுந்ததற்கு முந்தின நாள், சின்னப் பெயிண்ட் டப்பா ஒன்று வாங்கினாள்.

அந்த வியாழக்கிழமை நான் போய்ச் சேர்ந்தபோது போலீஸ்காரர் ஒருவர் வெளியே நின்றிருந்தார். கெல்வின் தேநீர் போட்டு வைத்திருந்தார். துணிக்கூடை புல்லில் கவிழ்ந்து கிடந்தது. தலையின் பின்பக்கம் அடி, உடனே போயிருக்கும் என்றார்கள். அவள் மேல் போர்வை போட்டிருந்தார்கள். பாதங்கள் மட்டும் வெளியே தெரிந்தன. ஷூ இல்லை.

எப்படி விழுந்தார் என்று போலீஸ்காரர் கேட்டார். கால் தெரியாமல் வைத்தாளா, துணிக்கூடை மறைத்ததா, தலைசுற்றலா, யாரும் பார்க்கவில்லை. தெரியாது என்றேன். அவர் எழுதிக்கொண்டார். பிறகு வேறு யாராவது கேட்பார்கள், எனக்குத் தெரியும். அப்போதும் அதைத்தான் சொல்ல முடியும்.

பெயிண்ட் டப்பாவும் பிரஷும் படிக்குப் பக்கத்தில் சுவரோரமாக இருந்தன. பிரஷ் காய்ந்துவிடாமல் இருக்கப் பிளாஸ்டிக் தாள் சுற்றியிருந்தாள். அடியிலிருந்து மேலே போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். கீழே நான்கு படிகளில் வெள்ளைக் கோடு நேராக இருக்கிறது. ஐந்தாவதில் பாதிவரை வந்திருக்கிறது. மேல் இரண்டும் வெறும் சிமெண்ட்.